பேரு பாக்கதுக்கு டெஸ்டாக்கும்?

அந்த குரூப்ல நேத்து நடந்த கூத்தை நிறைய பேர் பார்த்தாச்சு. பார்க்காதவங்களுக்கும் ஸ்க்ரீன்ஷாட் வந்து சேர்ந்திருக்கும், எனக்கே வந்தது. நான் போட்டது என்ன? ஒரு பழைய நாலு போர்ட் இன்டெல் நெட்வொர்க் கார்டை கம்ப்யூட்டர்ல ஸ்லாட் ஸ்லாட்டா மாத்தி மாட்டி, லினக்ஸ் அதுக்கு என்ன பேரு குடுக்குதுன்னு எழுதி வெச்ச பட்டியல். அதுக்குக் கீழ அண்ணன் ஒருத்தர், "பேரு பாக்கதுக்கு டெஸ்டாக்கும்? நெட்.இஃப்நேம்ஸ்=0 போட்டா ஈத்0 வந்துட்டுப் போவுது. வேற சோலி இல்லியா மக்கா?" அதாவது பூட் ஆகும்போது லினக்ஸோட உள்கருவான கெர்னலுக்கு அந்த ஒரு லைனைக் குடுத்தா, புதுப் பேரு முறை நின்னு பழைய ஈத்0 பேரு திரும்பி வரும்னு சொல்லுதார். உடனே வரிசையா சிரிப்பு எமோஜி. அதுல என்கிட்ட வேலை படிச்ச பையனும் உண்டு. சரி, இருக்கட்டும்.

வெளிய இருந்து வேண்டாததை உள்ள விடாத ஃபயர்வாலோட விதி எதைப் பிடிச்சு நிக்குது? அந்தப் பேரை. மெஷினுக்கெல்லாம் ஐபி அட்ரஸ் பங்கு வைக்குத டிஹெச்சிபி எந்தப் பக்கம் ஐபி குடுக்கணும்னு எதை வெச்சு முடிவு பண்ணுது? அந்தப் பேரை. ஒரே பெட்டிக்குள்ள பல கம்ப்யூட்டரை ஓட்டுத பிராக்ஸ்மாக்ஸ்ல, அதையெல்லாம் நெட்வொர்க்கோட சேர்க்குத பிரிட்ஜ் எதுல தொங்குது? அதே பேருல. அந்தப் பேரு மாறினா ஒண்ணும் எரியாது, புகையாது, கார்டுல லைட்டும் அழகா மின்னும். நெட் மட்டும் இருக்காது. அதனாலதான் சொல்லுதேன், கையால மாட்டிப் பார்க்காம பேரைச் சொல்லாதீங்க.

ஈத்0, ஈத்1 எல்லாம் கெர்னல் எந்தக் கார்டை முதல்ல கண்டுபிடிக்குதோ அந்த வரிசை. ரெண்டு கார்டு, ரெண்டு டிரைவர்னா இன்னைக்கு இது முந்தும், அடுத்த பூட்ல அது முந்தலாம். வெளி லைனும் உள் லைனும் இடம் மாறினா ஃபயர்வால் யாரைத் தடுக்கும்? இந்தத் தொல்லைக்குத்தான் லினக்ஸை எழுப்பி உள்ள எல்லாத்தையும் ஓட்டுத சிஸ்டம்டியில, 2013 ஜனவரியில வந்த 197ஆவது வெர்ஷன்ல புதுப் பேரு முறை வந்தது. மதர்போர்டுலயே இருக்கிற போர்ட்டுக்கு பயாஸ் (போர்டுக்குள்ளயே இருக்கிற, முதல்ல எழும்புத சாஃப்ட்வேர்) நம்பர் குடுத்தா ஈஎன்ஓ1. ஸ்லாட் நம்பர் தெரிஞ்சா ஈஎன்எஸ்1. ரெண்டும் இல்லேன்னா, கார்டு போர்டோட பேசுத பிசிஐ வழியில அதுக்குக் கிடைச்ச பஸ் நம்பரை வெச்சு ஈஎன்பி3எஸ்0. அதாவது ஒரே கார்டு, போர்டைப் பொறுத்து வேற வேற பேரு.

ஈஎன்பி3எஸ்0ன்னா அது நிலையான பேருன்னு நினைச்சுராதீங்க. முக்குல இருந்து மூணாவது வீடுன்னு வழி சொல்லுத மாதிரிதான் அது. முன்னால ஒருத்தர் புதுசா வீடு கெட்டினா நம்ம வீடு நாலாவது ஆயிரும். நிறைய போர்டுல காலி ஸ்லாட்டுக்குப் பின்னால இருக்கிற பிசிஐ போர்ட்டை பயாஸ் மறைச்சு வெச்சிருக்கும். அங்க ஒரு என்விஎம்இ டிஸ்க்கை மாட்டினதும் அது எழும்பி ஒரு பஸ் நம்பரைப் பிடிச்சிரும். நெட்வொர்க் கார்டை யாரும் தொடவே இல்லை, ஆனா அது இப்போ ஈஎன்பி4எஸ்0.

கதை விடுதேன்னு நினைக்கிறவங்களுக்கு: மார்த்தாண்டம் பக்கம் ஒரு இடம், பேரு வேண்டாம். நான் செட் பண்ணிக் குடுத்த ஃபயர்வால் பெட்டியில வேற ஒருத்தர் வந்து டிஸ்க் கூட்டிட்டுப் போயிட்டார். அதோட பில்லிங் நின்னுபோச்சு. போன் எனக்கு. நல்ல மழை, தக்கலை தாண்டி பஸ் ஊருது, போன்ல ஒரே ஏச்சு, "நீங்க போட்டதுதானே சார்?" போய், போர்ட் பேரையெல்லாம் காட்டுத "ஐபி லிங்க்" கமாண்டை அடிச்சுப் பார்த்தா கடைசி எழுத்துகள் எல்லாம் சரி, நடுவுல 2 இருந்த இடத்துல 3. அவ்வளவுதான் விஷயம். சரியாக்கிக் குடுத்தேன். டிஸ்க் மாட்டினவரை யாரும் ஒரு வார்த்தை கேக்கல, பஸ் காசும் நானே.

இப்போ "கார்டுலயே பதிஞ்சிருக்கிற மேக் அட்ரஸை வெச்சு, சிஸ்டம்டியோட லிங்க் ஃபைல்ல வெளி லைனுக்கு வேன்0, உள் லைனுக்கு லேன்0னு நாமளே பேரு வெச்சா போச்சே"ன்னு ஒரு கூட்டம் வரும். வாங்க. நானும் அதைத்தான் செய்யுதேன். ஆனா இடி விழுந்து கார்டு போனா புதுக் கார்டுக்கு மேக் வேற. அப்போ அது என்ன பேருல எழும்பும்னு முன்னாடியே பார்த்து வெச்சவன் போன்லயே சொல்லிருவான். பார்க்காதவன் மறுபடி பஸ் ஏறணும். மேக்குக்குப் பதிலா பிசிஐ பாதையை வெச்சு லிங்க் ஃபைலை எழுதலாமேன்னா, அந்தப் பாதைக்குள்ளயும் அதே பஸ் நம்பர்தான் உக்காந்திருக்கு.

"எல்லாம் மேனுவல்ல இருக்கு" கோஷ்டிக்கு: எந்தப் பேரு முதல்ல, எது அடுத்துன்னு மேனுவல் சொல்லும். உங்க போர்டோட பயாஸ் என்ன நம்பர் குடுக்கும்னு எந்த மேனுவல் சொல்லும்? விண்டோஸ்காரங்களும் ரொம்ப சிரிக்க வேண்டாம். கார்டை ஸ்லாட் மாத்தி மாட்டிப் பாருங்க, பழையது ஆவியா உள்ள இருக்க, புதுசு "ஈதர்நெட் 2"ன்னு வந்து நிக்கும்.

வீட்டு பிசியில ஒரே ஒரு போர்ட்னா அண்ணன் சொன்னது போதும். ஒத்துக்கிடுதேன். பத்து பேரு வேலை ஒரு பெட்டியில ஓடுத இடத்துக்கு அதே மருந்தைச் சொல்லாதீங்க.

என்னைக் குத்தினது அந்த கெர்னல் லைன் இல்ல, "வேற சோலி இல்லியா"தான். இதே பட்டியலை பெங்களூர்ல கழுத்துல ஐடி கார்டு போட்டவன் போட்டா ஆராய்ச்சி. கை தட்டுவீங்க, ஷேர் பண்ணுவீங்க. நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்துல ஒரு சின்ன கடை மாடியில, சொந்தக் காசுல பழைய கார்டு வாங்கி, கரண்ட் போகப் போக ரீபூட் பண்ணி எழுதினா வேலையத்த வேலை. அண்ணன் ஊர்க்காரர்தானே. கடைக்கு வந்து ஒரு சாயா குடிச்சுட்டு, "இது எதுக்குடே?"ன்னு கேட்டிருந்தா உக்காந்து காட்டியிருப்பேன். நேர்ல பார்க்கும்போது "மக்கா"ன்னு தோள்ல கை போடுத மனுஷன், ஊர் பார்க்க அங்கே வந்துதான் கேக்கணுமா?

பட்டியலை அழிக்க மாட்டேன். ஈஎன்எக்ஸ்னு மேக் அட்ரஸையே பேரா தூக்கிட்டு வருத யுஎஸ்பி அடாப்டர்களை அடுத்தாப்புல சேர்க்கப் போறேன். பரண்ல பழைய ரியல்டெக், பிராட்காம் கார்டு ஏதாவது கிடந்தா குடுங்க, பார்த்துட்டுத் திருப்பித் தாரேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் கடையிலதான் இருப்பேன்.