வலை போட்டதுதான் அவர்கள் செய்த குற்றம்

1945 டிசம்பர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், நிஸ்குவாலி ஆற்றங்கரை. நிஸ்குவாலி பூர்வகுடியைச் சேர்ந்த 14 வயதுப் பையன் ஒருவன் வலையில் விழுந்த சால்மன் மீன்களை எடுத்துக்கொண்டிருக்கும்போது மீன்துறைக் காவலர்கள் வந்து மடக்கினார்கள். "விடுங்க என்னை, இது நான் குடியிருக்கிற இடம்" என்று திமிறிக்கொண்டு கத்தினான். பில்லி ஃபிராங்க் ஜூனியர் என்ற அந்தப் பையன் அதற்குப் பிறகு 50 தடவைக்கு மேல் கைதானார்.

பூர்வகுடிகள் போராடினாலே, பழைய காகிதத்தைக் காட்டிச் சலுகை கேட்கிறார்கள் என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேச வேண்டாமா?

1854 டிசம்பர் 26. மெடிசின் க்ரீக் என்ற இடத்தில் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் நிஸ்குவாலி, புயாலப் முதலிய மக்களோடு ஒப்பந்தம் போட்டார். பேச்சு நடந்தது சினூக் ஜார்கனில். சில நூறு சொற்களே உள்ள கலப்பு மொழி அது. பண்டமாற்றுக்குப் போதும், ஒரு நாட்டையே எழுதிக் கொடுக்கப் போதுமா? அப்படியும் கொடுத்தார்கள். வழக்கமாக மீன் பிடிக்கும் இடங்களில் மற்ற குடிமக்களோடு சேர்ந்து மீன் பிடிக்கும் உரிமையை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்கள். இதே வாசகம் கொண்ட வேறொரு ஒப்பந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1905லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒப்பந்தம் என்பது பூர்வகுடிகள் கொடுத்தது, அவர்கள் கொடுக்காதது அவர்களிடமே இருக்கிறது.

மாநிலத் தலைநகர் ஒலிம்பியா நிற்பதே இந்த ஒப்பந்தத்தில் கிடைத்த நிலத்தில்தான். அங்கே உட்கார்ந்துகொண்டுதான் மாநில அதிகாரிகள், பூர்வகுடிகள் வலை போடக்கூடாது என்று சட்டம் பேசினார்கள். நிலத்துக்குச் செல்லுபடியாகும் கையெழுத்து மீனுக்கு மட்டும் செல்லாதா?

1960களில் பூர்வகுடிகள் கண்ட போராட்ட வடிவம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கோஷத்தை விட வேலைதான் அதில் முக்கியம். படகை எடுத்து ஆற்றில் வலை போடுவார்கள். காவலர்கள் வந்து வலையைப் பறித்து ஆளைப் பிடித்துப் போவார்கள். வெளியே வந்ததும் மறுபடி வலை. 1964இல் நடிகர் மார்லன் பிராண்டோவும் கூட இறங்கிக் கைதான பிறகுதான் வெளியூர்ப் பத்திரிகைகள் திரும்பிப் பார்த்தன. 1970 செப்டம்பர் 9 அன்று புயாலப் ஆற்றங்கரை முகாமில் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசி 60 பேருக்கு மேல் கைது செய்தது. அங்கே வந்திருந்த மத்திய அரசு வழக்கறிஞர் ஸ்டான் பிட்கினும் அந்தப் புகையில் மாட்டினார். ஒன்பதே நாளில், அமெரிக்க அரசின் பெயரில் வாஷிங்டன் மாநிலத்தின் மேலேயே வழக்கு.

1974இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பளித்தார்: பிடிக்கத்தக்க மீனில் பாதி வரை பூர்வகுடிகளுக்கு. வெள்ளைக்கார மீனவர்கள் கொதித்து அவர் கொடும்பாவியைத் தூக்கிலிட்டார்கள். 1979இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பின் சாரத்தை உறுதி செய்தது.

சரி, பாதி மீன் என்று தீர்ப்பு வந்துவிட்டது. ஆற்றில் மீன் இருக்க வேண்டுமே? சால்மன் கடலிலிருந்து பிறந்த ஓடைக்கே திரும்பி வந்து முட்டையிடும் மீன். வழியில் ரோட்டுக்கு அடியில் ஒரு குழாய். தண்ணீர் அரித்து அரித்து, குழாயின் வாய் ஓடையை விட்டு மேலே தூக்கி நிற்கிறது. மீன் துள்ளுகிறது, எட்டவில்லை. மறுபடி துள்ளுகிறது. குழாய்க்கு அந்தப்பக்கம் மைல் கணக்கில் நல்ல ஓடை சும்மா கிடக்கிறது.

இதற்காக 21 பழங்குடி அரசுகள் 2001இல் நீதிமன்றம் போயின. மீன் வரும் வழியை அடைப்பதும் ஒப்பந்தத்தை மீறுவதுதான் என்றார்கள். 2018இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நாலுக்கு நாலாகப் பிரிந்ததால், அவர்களுக்குச் சாதகமான கீழ் நீதிமன்றத் தீர்ப்பு நிலைத்தது. நூற்றுக்கணக்கான குழாய்களை மாநிலம் மாற்றியாக வேண்டும். செலவு அதிகம் என்று முணுமுணுக்கிறவர்கள், அந்த வழி திறந்தால் மேலே ஏறி வரும் மீன் தங்கள் தூண்டிலுக்கும் வரும் என்பதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

பில்லி ஃபிராங்க் 2014இல் காலமானார், அந்தத் தீர்ப்பைப் பார்க்கவில்லை. நிஸ்குவாலி ஆறு கடலில் கலக்கும் இடத்திலுள்ள வனவிலங்குப் புகலிடத்துக்கு அடுத்த வருடமே அவர் பெயரை வைத்தார்கள்.