மாதோட்டத்து வாழைக்காய் வாணியர்

அநுராதபுரத்துப் பக்கம் அதை மல்வத்து ஓயா என்பார்கள். எங்களுக்கு அது அருவி ஆறு. தேக்கம் அணையில் மறிபட்டு, கட்டுக்கரைக் குளத்துக்கு வந்து, காலபோகத்தில், மாரிகால நெற்செய்கைக்கு, எங்கட வயலுக்குப் பாய்கிற தண்ணீர். மன்னாரில் அந்த ஆறு கடலில் விழுகிற இடத்துக்கு வடக்கே ஒரு பட்டினம் இருந்தது: மாதோட்டம், இன்றைய மாந்தை. அநுராதபுர அரசுக்கே கடல்வாசல். இன்றைக்கு அந்தப் பேரைச் சொன்னால் பிள்ளைகளுக்குத் திருக்கேதீச்சரம் மட்டும்தான் ஞாபகம் வருகிறது. கோயில் தெரிகிறது, ஊர் தெரியவில்லை. கனகாலமாக என்னை அரிக்கிற விஷயம் இது.

சம்பந்தர் தேவாரத்தில் மாதோட்டம் மாவும் கமுகும் வாழையும் நெருங்கி நிற்கிற ஊர். சுந்தரர் பதிகத்தில் கடல் நிறைய வங்கங்கள், கோயில் தீர்த்தமான பாலாவிக் கரையில் சிவன். சின்ன வயதில் பாடமாக்கி ஒப்புவித்தபோது, அந்த வாழையெல்லாம் பாட்டுக்கு அழகு சேர்க்க வந்தது என்றுதான் நினைத்தேன். பிறகு சோழர் காலத்துக் கல்வெட்டுச் செய்தி ஒன்றை வாசித்து உறைந்துபோய் இருந்தேன். மாதோட்டத்துக் கோயில் ஒன்றில் விளக்கெரிக்கக் கொடுத்த காசை யாரிடம் வைத்தார்கள் தெரியுமா? எண்ணெய் விற்ற சங்கரபாடியாரிடம், வெற்றிலை வாணியரிடம், வாழைக்காய் வாணியரிடம். வட்டியில் விளக்கு எரியவேண்டும். சம்பந்தர் பாடி நாலு நூற்றாண்டு கழித்தும் அந்த ஊர்ச் சந்தையில் வாழைக்காய் விற்றிருக்கிறார்கள். சாமிக் காசை நம்பிக் கொடுக்கிற அளவுக்கு அவர்களுக்கு ஊரில் மதிப்பு இருந்திருக்கிறது. நாயன்மார்களோடு சேர்த்து இவர்களையும் எங்கட பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டாமா?

இராசராசன் காலத்தில் மாதோட்டத்துக்கு இராசராசபுரம் என்றும் பேர். அங்கே இராசராச ஈச்சரம் எடுப்பித்தவன் தாழி குமரன். அவன் கல்வெட்டு கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. வன்னிப் பிள்ளை ஒன்று அதைப் பார்க்க ஒருநாள் முழுக்க பஸ்ஸில் போகவேண்டும். ஒரு நகலாவது மாந்தையில் வைக்கலாம்.

போர்த்துக்கேயர் கோயிலை இடித்ததும், 1872இல் ஆறுமுக நாவலர் அதை மீட்கச் சொல்லி எழுதியதும் பலருக்குத் தெரியும். ஆனால் பழைய பட்டினம் புதைந்து கிடக்கிற மாந்தை மேட்டை அகழ்ந்தபோது சீனப் பீங்கானோடு, சிலுவை பொறித்த சுடுமண் முத்திரை ஒன்றும் கிடைத்தது. போர்த்துக்கேயருக்குப் பல நூற்றாண்டு முந்தியது. மடுத் தேவாலயத்து மாதாவும் மாந்தையிலிருந்து போனவர்தான். 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்து கத்தோலிக்கச் சனங்கள் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு மருதமடுக் காட்டுக்குப் போனார்கள். என் அம்மம்மா சிவராத்திரிக்குக் கேதீச்சரமும் ஆவணியில் மடுவும் தவறவிட்டதில்லை. அதனால்தான் 2019 சிவராத்திரிக்கு முதல்நாள் கேதீச்சரம் போகிற வழியில் ஒரு அலங்கார வளைவுக்காகச் சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் நடந்த பிடுங்குப்பாடு எனக்கு அவ்வளவு நொந்தது. இரண்டு பக்கமும் என் சனம். இரண்டு பக்கத்துக்கும் அந்த மண்ணில் வேர் இருக்கிறது. இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் கோபிக்கும். கோபிக்கட்டும், சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

1980இல் தொடங்கிய அகழ்வு 1984இல் போரால் நின்றது. மிச்ச ஊர் மண்ணுக்குள்தான் கிடக்கிறது. வருகிற சிவராத்திரிக்குப் பாலாவித் தண்ணீரை அள்ளி மகாலிங்கத்துக்கு ஊற்றப் போகிறவர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த மேட்டில் ஒரு அரை மணித்தியாலம் நடவுங்கள். காலடியில் பழைய ஓட்டுத்துண்டு ஏதும் கண்டால், காட்டிவிட்டுக் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.