தயிர் கருப்பைக்கு மருந்தா?

‘கனடாவில் நிரூபித்துவிட்டார்கள்: மாட்டுக் கருப்பைத் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம், தயிரைச் செலுத்தினால் போதும்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வில் கன்று ஈனுவதை ஒட்டி மாடுகளுக்குச் செலுத்தியது தயிரை அல்ல, மாடுகளின் யோனியிலிருந்தே பிரித்து வளர்த்த லாக்டிக் அமில பாக்டீரியாக்களை (பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களின் இனம்). செலுத்தியதும் யோனியில்தான், கருப்பைக்குள் அல்ல. தொற்று குறைந்தது. சரி, ஆனால் அது வருமுன் காப்பு. வந்த நோயைத் தீர்க்கும் சிகிச்சை அல்ல.

ஈன்ற 10 நாளுக்குள் செம்பழுப்பாக, தண்ணீராக, மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றத்தோடு யோனி வழியே கழிவு வழிந்து, உடல் வெப்பம் 39.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அங்கே ஆன்டிபயாடிக்தான் உயிரைக் காக்கும். நாற்றமில்லாத கழிவா? மாடும் நன்றாகத் தின்கிறதா? அதற்கு ஆன்டிபயாடிக்கும் வேண்டாம், தயிரும் வேண்டாம்.