நடுவில் மாட்டிய நாள்

ஸ்பெயினில், செவில் நகரத்தில் இங்கிலீஷ் வாத்தியார் என்றதும் எல்லாரும் "கொடுத்து வைத்தவன்" என்கிறார்கள். என் வேலை நேரத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

காலை எட்டுக்கு கார்த்துஹாவில், 1992 எக்ஸ்போ என்ற உலகக் கண்காட்சி நடந்த இடத்தில், ஒரு கம்பெனி வகுப்பு. பன்னிரண்டுக்கு இன்னொரு மூலையில் தனி வகுப்பு, முடிய ஒன்றே முக்கால். அப்புறம் மாலை ஐந்து வரை ஒன்றும் இல்லை, சம்பளமும் இல்லை. சரி, இந்த இடைவெளியில் ஒரு வேலையாவது முடிக்கலாம் என்று பார்த்தால், இரண்டு மணிக்கு ஊரே ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறது. தைக்கக் கொடுத்த ஷூ மூன்று வாரமாகக் கடையில் கிடக்கிறது, நான் ஓடிப் போய் நிற்கும்போது அந்த மனிதர் குனிந்து பூட்டைப் போட்டுக்கொண்டிருப்பார், திரும்பித் திறப்பது ஐந்தரைக்கு, அப்போது நான் பத்து வயசுப் பிள்ளைகளிடம் "எஸ்கூல் இல்லடா, ஸ்கூல்" என்று மன்றாடிக்கொண்டிருப்பேன். (நம் ஊர் இஸ்கூலுக்கு இது ஒன்றும் குறைச்சல் இல்லை, வாய் திறக்க எனக்கு யோக்கியதை கிடையாது.)

ஒன்பதுக்கு வகுப்பு முடிந்து வீடு வந்து படுத்தால், மாடி வீட்டில் அப்போதுதான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாற்காலியை இழுக்கிறார்கள். பத்தரை மணிக்கு! வாரநாளில், குழந்தைகளோடு!

ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. ஜூலை, ஆகஸ்ட் சம்பளம் கிடையாது. நாற்பது டிகிரி வெயில் மட்டும் இலவசம். அதற்குள் அந்த ஷூவையாவது வாங்கிவிட வேண்டும்.