நிம் கேட்ட ஆரஞ்சு

மனிதக் குரங்குகளால் நம் மொழியைக் கற்றுக்கொள்ள முடியுமா? படித்தவரை என் முடிவு: சொற்கள் வரும், மொழி வராது. ஆனால் இந்தக் கேள்விக்காக அந்த உயிர்களை நாம் நடத்திய விதம் என்னை ரொம்பவே வருத்துகிறது.

நிம் என்ற சிம்பன்சி 1973 நவம்பரில் ஓக்லஹோமாவில் பிறந்தது. சில நாட்களிலேயே தாயிடமிருந்து பிரித்து நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். இலக்கணம் மனிதனுக்கே உரியது என்ற மொழியியலாளர் நோம் சாம்ஸ்கியின் வாதத்தைச் சோதிப்பதற்கான ஆய்வு என்பதால், முழுப்பெயரே நிம் சிம்ப்ஸ்கி. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் டெரஸ் தலைமையில் அமெரிக்கச் சைகை மொழி சொல்லிக்கொடுத்தார்கள். ஏன் சைகை? 1940களின் கடைசியில் விக்கி என்ற சிம்பன்சியை ஒரு தம்பதி பிள்ளைபோல வளர்த்துப் பேசப் பழக்கிப் பார்த்தும், தட்டுத்தடுமாறி நாலு சொல்தான் வந்தது.

நிம் சுமார் 125 சைகைகள் கற்றது. டெரஸும் வெற்றி என்றுதான் முதலில் நம்பினார். பிறகு பதிவான காணொளிகளைப் பொறுமையாக ஓட்டிப் பார்த்தபோது உண்மை தெரிந்தது: நிம் காட்டிய சைகைகளில் பல, ஆசிரியர் சற்றுமுன் காட்டியவை. தானாகத் தொடங்கியது குறைவு. அது காட்டிய மிக நீளமான தொடரில் 16 சைகைகள். கொடு, ஆரஞ்சு, நான், சாப்பிடு, நீ என்ற ஐந்தே சைகைகள் திரும்பத் திரும்ப வந்தன. நீளம் கூடியது, பொருள் கூடவில்லை. நம்பியதற்கு நேர்மாறான முடிவை 1979இல் அவரே ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

சைகை கற்ற கோக்கோ என்ற கொரில்லா பற்றி இன்றும் பகிரப்படும் காணொளிகளை நான் சான்றாக எடுப்பதில்லை. அது என்ன சொன்னது என்பதைப் பெரும்பாலும் வளர்த்தவரே நமக்கு விளக்கினார்.

கான்சி வேறு ரகம். 1980இல் பிறந்த போனபோ, அதாவது சிம்பன்சிக்கு நெருங்கிய இன்னொரு மனிதக் குரங்கு இனம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறி உள்ள குறியீட்டுப் பலகையில் வளர்ப்புத் தாய்க்குப் பாடம் நடந்தபோது பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த குட்டி, யாரும் சொல்லிக்கொடுக்காமலே அதைப் பிடித்துக்கொண்டது. பின்னால் 660 புதிய ஆங்கில வாக்கியங்களைச் சொல்லிச் சோதித்தார்கள். ‘இதை அங்கே வை’ என்பதுபோன்ற வேலைகள். கான்சி 72 சதவீதம் சரியாகச் செய்தது. இரண்டு வயதுக் குழந்தை ஒன்று 66 சதவீதம். புரிந்துகொள்ளும் திறனில் இதை யாரும் லேசில் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அந்தக் கான்சியும் பலகையைத் தொட்டுச் சொன்னதில் பெரும்பகுதி கேட்பதுதான். தின்பண்டம் கொடு, அங்கே போகலாம், விளையாடு. நம் வீட்டுக் குழந்தை மொட்டைமாடிச் சுவரைக் காட்டி “காக்கா!” என்கிறது. அதற்குக் காக்கா வேண்டாம். தான் பார்த்ததை அம்மாவும் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். இந்தச் சொல்லும் ஆசைதான் மொழியின் வேர் என்று நினைக்கிறேன். அதன்மேல்தான் இலக்கணம் வளர்கிறது. மனிதக் குரங்குகளிடம் அது அரிதாகவே தென்படுகிறது.

சரி, ஆய்வு முடிந்தபின் நிம் என்ன ஆனது? 1977இல் ஓக்லஹோமாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். மனிதர்களோடு படுத்து, உடை போட்டு, மேசையில் சாப்பிட்டு வளர்ந்த உயிர், திடீரென்று கூண்டில். 1980களின் தொடக்கத்தில் மருத்துவ ஆய்வுக்கூடத்துக்கு விற்கப்பட்டது. சைகை பேசும் சிம்பன்சி என்று பெயர் வாங்கியிருந்ததால் எதிர்ப்புக் கிளம்பி, டெக்சாஸில் ஒரு விலங்குக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2000இல் இறந்தபோது வயது 26.

நிம் விற்கப்பட்ட அதே ஆய்வுக்கூடத்துக்குப் போன பூயி என்ற சிம்பன்சியும் சைகை கற்றதுதான். அதற்கு ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய்க் கிருமியை ஏற்றினார்கள். 1995இல் பழைய ஆசிரியர் ரோஜர் ஃபவுட்ஸ் தேடிவந்தபோது அவரை அடையாளம் கண்டு சைகையில் பேசியது. அது தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பிறகே விடுதலை.

இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பூயி கைகாட்டிப் பேசியதால் வெளியே வந்தது. சைகை தெரியாத மற்றச் சிம்பன்சிகளுக்கும் ஊசி அதேபோலத்தான் வலித்திருக்கும். “அவையும் நம்மைப்போல் பேசும், அதனால் காப்பாற்றுங்கள்” என்று எழுதும் விலங்கு ஆர்வலர்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்த வாதம் டெரஸின் ஒரே கட்டுரையில் உடைந்துபோகும். உடைந்தால் கூண்டில் இருக்கும் உயிர்களுக்கு என்ன வழி?

அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான தேசிய நலவாழ்வு நிறுவனம் தன் ஆய்வுச் சிம்பன்சிகள் எல்லாவற்றுக்கும் ஓய்வு என்று 2015இல் அறிவித்தது. அதற்கு அடித்தளம் 2011இல் வந்த நிபுணர் குழு அறிக்கை. அவற்றை வைத்து நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெரும்பாலானவை தேவையே இல்லை என்றது அது. எந்தச் சிம்பன்சிக்கு எத்தனை சைகை தெரியும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.