பில் போடட்டுங்களா, அப்படியே தரட்டுங்களா?

மக்கள் ஏன் வரி கட்டுகிறார்கள் என்று ஒரு கட்டுரை படித்தேன். தண்டனைப் பயத்தைவிட, அக்கம்பக்கத்தார் கட்டுகிறார்களா என்பதும் அரசின் மேல் உள்ள நம்பிக்கையும்தான் வரி கட்ட வைக்கிறது என்கிறது அது. சரிதான், ஆனால் அக்கம்பக்கம் இரண்டு பக்கமும் இழுக்கும். போன மாதம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பேத்திக்குக் கொலுசு வாங்கினேன். கடைக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பில் போடட்டுங்களா, அப்படியே தரட்டுங்களா?" என்றார். வெள்ளிக்கு ஜி.எஸ்.டி. 3 சதவீதம்தான், 12,000 ரூபாய்க்கு 360. பில் கேட்டதும் பக்கத்தில் நின்ற அம்மா, நான் ஏதோ சோதனைக்கு வந்த அதிகாரி மாதிரி ஏற இறங்கப் பார்த்தார்!

பிரிட்டனில் வரி பாக்கி வைத்தவர்களுக்கு, பத்தில் ஒன்பது பேர் நேரத்துக்குக் கட்டிவிடுகிறார்கள் என்று கடிதம் போட்டு வசூலைக் கூட்டினார்கள். இங்கே போட்டால், "யாருங்க அந்த ஒன்பது பேரு?" என்பார்கள்.

சொத்து வரி வேறு கதை. அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. நான் ஏப்ரலிலேயே கட்டிவிடுவேன். எதிர்வீட்டுக்காரர் அதைக் கேட்டுச் சிரிப்பார். அப்புறம் ஒருநாள் எங்கள் தெருச் சாக்கடையைத் தூர் வாரினார்கள். மறுநாள் காலை அவரே வந்து என் ரசீதை வாங்கிப் பார்த்து, "இதை போன்லயே கட்டலாமுங்களா?" என்றார்.