மாலை மாற்றுவது குற்றமில்லை

"குடியாத்தத்தில் இரண்டு பெண்கள் மண்டபம் பிடித்து மாலை மாற்றினால் போலீஸ் கைது செய்யும், 2023ல் உச்ச நீதிமன்றமே தடை போட்டுவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. நாள் குறித்துவிட்டுக் காத்திருப்பவர்களை இப்படி யாரும் பயமுறுத்தக் கூடாது.

வயது வந்த ஒரே பாலினத்தவர் இருவர் மனமொத்து வாழ்வது உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்புக்குப் பிறகு குற்றமே இல்லை. அதே நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் தீர்ப்பு, இப்போதுள்ள சட்டத்தில் இந்தத் திருமணத்துக்கு அங்கீகாரம் இல்லை என்றது. அதாவது பதிவு நடக்காது. சொந்தபந்தங்களைக் கூப்பிட்டுச் சடங்கு வைத்து விருந்து போட எந்தத் தடையும் இல்லை.

நம் மாவட்டத்து வழக்கே இருக்கிறது. வீட்டார் பிடித்து வைத்திருந்த ஒரு பெண், தன் பெண் துணையோடு போகலாம் என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும் சொன்னது. அதில் எதிர்மனுதாரர் வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்!

சரி, பதிவு இல்லாததால் வாரிசுரிமை தானாக வராது. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இருவரும் உயில் எழுதிவிடுங்கள். அப்புறம், கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கலாம், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடலாம் என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியிருக்கிறது. கிளையில் மறுத்தால் அதைக் காட்டிக் கேளுங்கள்.